அத்தியாயம் 14: சாட்சிக் கையெழுத்து

காலை ஒன்பது பத்து. பதிவு அலுவலகத்தின் மடக்குக் கதவு பாதிதான் திறந்திருந்தது. உள்ளே யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் காயும்வரை யாரும் வரக்கூடாது என்று ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

பெரியக்கா ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

வீட்டில் மட்டுமல்ல, வேலை பார்க்கும் துணிக்கடையிலும் அவள் பெரியக்காதான். ஆல்ட்டரேஷன் பிரிவின் தலைவி. ஊரார் பேன்ட்டுகளை வெட்டியும் பிரித்தும் காலத்தை ஓட்டியவள். "யார் இடுப்பு எந்த வருஷம் பெருத்ததுன்னு என்கிட்ட கேளு" என்பாள்.

மகள் பக்கத்தில் நின்று ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபி பார்க்கிறவள். மற்றவர்களின் முட்டியை மடக்கி நிமிர்த்துவதுபோல ஃபைலையும் மடக்கி நிமிர்த்தினாள்.

"கிழிச்சுடப் போறே."

"எல்லாம் இருக்கான்னு பார்க்கறேன்மா."

"நேத்து ராத்திரியே பார்த்தாச்சு. ஒண்ணும் ஓடிப் போகலை."

வீடு பார்த்து, விலை பேசி, முன்பணம் கொடுத்து, வில்லங்கம் இல்லையென்று தெரிந்துகொண்டு, மகள் பெயரில் பாங்க் கடனும் வாங்கியாகிவிட்டது. கடன் போக மீதிக்குப் பெரியக்காவின் சேமிப்பு. கடையில் பிடித்து வைத்திருந்த சேமநிதியை எடுத்ததில் போன வாரம் நடந்த வாக்குவாதம்கூட முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது இந்த ஒரு நாள்தான். தாயும் மகளும் சேர்ந்து வாங்குகிறார்கள். பத்திரத்தில் இரண்டு பெயர்.

பெரியக்காவுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. யாரும் வந்து தட்டி, "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்று சொல்ல முடியாத ஒரு கதவு.

தம்பி வந்தான். பழைய டயர் வியாபாரி. எங்கே நின்றாலும் ஆள்காட்டி விரலில் சாவிக்கொத்து சுற்றும். கடைச் சாவி, கோடவுன் சாவி, வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, இன்னும் என்னென்னவோ. சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தான். ஃபோனில் பேசிக்கொண்டே வந்தான்.

"வெள்ளையே அடிப்பா. வாடகைக்கு விடற ஃப்ளாட்டுக்கு என்ன கலரு வேண்டிக் கிடக்கு? ... பால்கனிக்கும் வெள்ளைதான்."

ஃபோனைப் பையில் போட்டான். "பெயின்டர். குடியிருந்தவங்க போன மாசம் காலி பண்ணிட்டாங்க. சரி, முகத்தை ஏன் எல்லாரும் பரீட்சைக்கு வந்த மாதிரி வெச்சிருக்கீங்க? வீடு வாங்க வந்திருக்கீங்க. சிரிங்க."

"முதல்ல டோக்கன் வாங்கு மாமா. அப்புறம் சிரிக்கலாம்" என்றாள் மகள்.

* * *

பத்திர எழுத்தரின் இடம் எதிர்ச் சாரியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நாலு நாற்காலி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற மனிதர்.

"வாங்கம்மா. இன்னைக்கு நல்ல கூட்டம். எல்லாரும் ஒரே நாள்ல பணக்காரங்க ஆயிட்டாங்க போல."

பத்திரம் தயார். முத்திரைத் தீர்வையைக் கட்டி, அந்த ரசீதோடு உள்ளே போனால் முடிந்தது. வாங்குபவர்களின் அடையாள எண்ணைக் கேட்டார். மகளுடையதைத் தட்டினார். திரை பச்சையாக ஒரு வரி காட்டியது. பெரியக்காவுடையதைத் தட்டினார்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"அம்மா, உங்க பேர்ல வேற வீடு ஏதாவது இருக்கா?"

"இல்லை" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

போன வாரமும் இதைத்தான் கேட்டிருந்தார். அப்போதும் மூன்று பேரும் இதைத்தான் சொன்னார்கள். அது பொய் இல்லை. மூவருக்கும் அப்படித்தான் தெரியும்.

"கம்ப்யூட்டர் இருக்குங்குதே."

திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ரயில் பாதைத் தெரு. மூன்றாவது மாடி. பின்பக்க ஃப்ளாட். அதன் கீழே இரண்டு பெயர்கள். இரண்டாவது, பெரியக்காவின் முழுப்பெயர். அதை அப்படி முழுசாக எழுத்தில் பார்த்து நாளாகியிருந்தது.

சாவிக்கொத்து சுற்றுவது நின்றது.

"அட, அது என் ஃப்ளாட்டுங்க" என்றான் தம்பி.

"உங்க பேரும் இருக்கு. இவங்க பேரும் இருக்கு."

"அது சும்மா பேருக்குங்க. லோனுக்காகப் போட்டது."

அந்தக் குடும்பத்தில் அது ஒரு வழக்கம். எதற்கு எழுத்துப்பூர்வமாக ஒரு பெயர் வேண்டுமென்றாலும், "அக்கா பேர்ல போடு" என்பார்கள். சம்பளச் சீட்டு இருந்தது அவளிடம் மட்டும்தான். தம்பியின் முதல் ஃபோன் அவள் பெயரில். முதல் வண்டி அவள் பெயரில். சித்தப்பா மகன் தவணையில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்கு ஜாமீன் அவள். அவன் தவணை கட்டாமல் விட்டபோது கடைக்காரன் வந்து நின்றதும் அவள் வாசலில்.

ஃப்ளாட்டும் அப்படித்தான் வந்தது. டயர் வியாபாரத்துக்குக் கணக்கும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. சம்பளக்காரர் ஒருவர் சேர்ந்து வாங்கினால் கடன் தருவதாக பாங்க் சொன்னது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்து பாதியில் நின்ற மடிப்பைத் தைத்தாள். அந்த ஃப்ளாட்டுக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறாள். பால்கனியில் நின்று டீ குடித்தாள். கீழே ரயில் போயிற்று. நல்ல வெளிச்சம்.

வியாபாரம் படுத்துக்கொண்ட வருஷம் அதன் தவணை அவள் சம்பளத்திலிருந்துதான் போனது. அதை யாரும் பேசுவதில்லை. அவளும் பேசியதில்லை.

"சரி, இருந்தா என்ன?" என்றாள் மகள்.

பத்திர எழுத்தர் ஒரு பழைய கவரின் முதுகில் எழுத ஆரம்பித்தார். "சொந்த வீடே இல்லாதவங்க முதல் வீடு வாங்கினா, தீர்வை நூத்துக்கு மூணு. மத்தவங்களுக்கு ஏழு. வாங்கறவங்கள்ல ஒருத்தர் பேர்ல வேற வீடு இருந்தாலும் மொத்தத்துக்கும் ஏழுதான்."

"அம்மா பாதிக்கு ஏழு, என் பாதிக்கு மூணுன்னு..."

"துணி மாதிரி கிழிச்சுக் குடுக்க மாட்டாங்கம்மா." பேனாவை நகர்த்தினார். "உங்க வீடு எழுபது லட்சம். மூணுன்னா ரெண்டு லட்சத்துப் பத்து. ஏழுன்னா நாலு தொண்ணூறு. வித்தியாசம் ரெண்டு எண்பது. பதிவுக் கட்டணம், ஸ்கேன் கட்டணம், என் கூலி எல்லாம் தனி. அதுல மாற்றம் இல்ல."

அவர்கள் கொண்டுவந்திருந்தது மூன்று சதவீதத்துக்கும், இந்தத் தனிச் செலவுகளுக்கும், சாமான் ஏற்றும் வண்டிக்கும்தான்.

"இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா?" என்றான் தம்பி. "யாரு பார்க்கப் போறா?"

"அதோ அது." பத்திர எழுத்தர் திரையைக் காட்டினார். "அதுக்கு டீ வாங்கிக் குடுத்துச் சரிக்கட்ட முடியாது."

வாசலில் நிழல் விழுந்தது. வீட்டை விற்பவர். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் சூட்கேஸ். ராத்திரி விமானத்தில் மகனிடம் போகிறார். திரும்பி வருவதாக இல்லை.

"பெட்டியோட வந்துட்டேன். வைக்க வீடு இல்ல பாருங்க, அதைத்தான் வித்துட்டேனே. இன்னைக்கு முடிஞ்சுடும்ல?"

"முடிஞ்சுடும் சார்" என்றான் தம்பி.

பெரியக்கா தம்பியைப் பார்த்தாள். எப்படி முடியும் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"அவன் ஃப்ளாட்டுல இருந்து என் பேரை எடுக்க முடியுமா?" என்று பத்திர எழுத்தரைக் கேட்டாள்.

"எடுக்கலாம். உங்க பங்கை அவருக்கு விட்டுக்குடுத்து எழுதணும். அது தனிப் பத்திரம், தனித் தீர்வை. இன்னைக்கு ஆகற காரியமில்ல."

"அதுக்கு வேற வெட்டியா ஒரு செலவு எதுக்கு?" என்றான் தம்பி. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

* * *

மகள் பெரியக்காவை மூலையில் இருந்த ஜெராக்ஸ் மெஷின் பக்கம் அழைத்துப் போனாள். மெஷின் சூடாக இருந்தது. அதன்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பாதி பிஸ்கட்.

"அம்மா, தப்பா நினைக்காதே."

"சொல்லு."

"என் பேர்ல மட்டும் எழுதிடலாம். என் பேர்ல இருந்தா உன் பேர்ல இருக்கற மாதிரிதானே? நான் எங்க போயிடப் போறேன்?"

'மாதிரி' பெரியக்காவுக்குப் பழக்கமான சொல். கடைக்கு வருகிறவர்கள் பேன்ட்டை நீட்டி, புதுசு மாதிரி ஆக்கிக் கொடு என்பார்கள். ஆக்கிக் கொடுப்பாள். மாதிரி ஆகும். புதுசு ஆகாது.

"ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்மா. ஒரு பேரைப் போடறதுக்கு."

"என் பேருக்கு இவ்வளவு விலைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. மகள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் போகட்டும். உன் பேரைச் சேர்த்துக்கலாம்."

"அப்பவும் அதுக்குப் பத்திரம் உண்டு, தீர்வை உண்டு" என்றார் பத்திர எழுத்தர், கம்ப்யூட்டரைவிட்டுத் திரும்பாமல். "காதுல விழுந்தது, சொன்னேன். நான் ஒண்ணும் கேட்கலை."

மகளுக்கு முகம் சிவந்தது. கெட்ட பெண் இல்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கழுத்துவலித் தலையணை வாங்கித் தந்தவள். கணக்கு வேறு வழியில் வரவில்லை, அவ்வளவுதான். நேற்று வரை அந்த வீட்டை 'நம்ம வீடு' என்றுதான் சொன்னாள். இப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

"என் தையல் மெஷினை எங்க போடறே?" என்றாள் பெரியக்கா.

"இப்ப எதுக்கும்மா அது?"

"கேட்கறேன்."

"பின் பால்கனியில. அன்னைக்கே சொன்னேனே. மேல ஒரு ஷீட் போட்டா சாரல் அடிக்காது. இன்னொரு ரூம் எனக்குப் பேஷன்ட் பார்க்க வேணும்."

"ஆமா. சொன்னே."

பிஸ்கட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனாள்.

தம்பி வாசலில் இருந்தான். கப்பல்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சில் பிடித்து வைத்திருந்தான். டயரைப் பற்றிப் பேசினான். கப்பலில் டயர் கிடையாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பாங்க்காரரிடம் ஃபோனில் பேசப் படிக்கட்டுக்கு அப்பால் போனாள்.

"அந்த ஃப்ளாட்டுல என் பங்கு எவ்வளவுன்னு காட்டுது?"

"பாதிம்மா. சரிபாதி."

"கடன் ஏதாவது நிக்குதா?"

"இல்ல. அடைச்சு, பாங்க்ல இருந்து விடுவிச்சாச்சு. சுத்தமா இருக்கு."

"சும்மா பேருக்குன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

பத்திர எழுத்தர் அவளைப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் கிடையாதும்மா. இருந்தா உரிமையாளர். இல்லாட்டி இல்ல."

பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரின்டர் யாருடைய பத்திரத்தையோ ஒவ்வொரு பக்கமாகத் துப்பியது. அது முடியும்வரை காத்திருந்தாள்.

"என் பேரை எடுத்துடுங்க. மூணாவே கட்டுங்க."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு."

அவர் இரண்டு இடத்தில் அழித்தார். நாலு இடத்தில் 'வாங்குபவர்கள்' என்பதை 'வாங்குபவர்' ஆக்கினார். அந்த வேலைக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"இன்னொரு சாட்சி எங்க? உங்க தம்பி தன்னோட டிரைவர் வருவார்னு சொன்னார்."

"வண்டி எங்கயோ நின்னுபோச்சாம்."

"அப்ப நீங்களே போடலாம். இப்பத்தான் நீங்க வாங்கறவங்க இல்லையே." சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். சட்டென்று விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "முகவரி சொல்லுங்க. அட்டையில இருக்கற பழைய வாடகை வீடா, இப்ப இருக்கறதா?"

"இப்ப இருக்கறதை மாசக் கடைசியில காலி பண்ணணும்."

"அப்ப மக வீட்டு முகவரி?"

அவள் திரையைப் பார்த்தாள். ஃப்ளாட்டைக் காட்டிய அந்த வரி இன்னும் அங்கேதான் இருந்தது.

"சொந்த வீட்டு முகவரி போடலாமா?"

பத்திர எழுத்தரின் விரல்கள் ஒரு கணம் விசைகளுக்கு மேலே நின்றன.

"தாராளமா" என்றார்.

* * *

பதிவாளர் சின்ன வயதுப் பெண். ஜலதோஷம். மேஜையில் முத்திரைகளுக்குப் பக்கத்தில் இருமல் மருந்து. கப்பல்காரரிடம் நிமிராமல் கேட்டாள்.

"பணம் முழுசும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"உங்க சம்மதத்தோடதான் விக்கறீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"எம் பையன்தான் வா வான்னு கட்டாயப்படுத்தறான். விக்கச் சொல்லி இல்ல."

பதிவாளர் சிரிக்கவில்லை. ஒருநாளைக்கு எத்தனை பேரிடம் இதைக் கேட்கிறாளோ. தும்மினாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மகளைக் கேமரா முன்னால் உட்காரச் சொன்னார்கள். முடியைச் சரிசெய்துகொண்டாள். பெருவிரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைக்கச் சொன்னார்கள். கையெழுத்துப் போடும்போது நாக்கு நுனி வெளியே வந்தது. எழுதப் பழகிய காலத்திலிருந்தே அப்படித்தான்.

பெரியக்கா சுவரோரம் நின்று அதைப் பார்த்தாள். இங்கே ஒரு நாற்காலி அவளுக்கும் போடப்பட்டிருக்க வேண்டியது. வருத்தமா என்று யாராவது கேட்டிருந்தால், தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். மகள் முகம் நன்றாக இருந்தது.

"சாட்சிகள்."

முதலில் தம்பி. பதிவாளர் அவன் பெயரையும் முகவரியையும் வாசித்தாள். தலையாட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தான். மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"அடுத்தது. நீங்க யாரு?"

"அம்மா."

"யாருக்கு?"

"வீடு வாங்கறவங்களுக்கு."

பதிவாளர் அவள் முழுப்பெயரை வாசித்தாள். தொழில், தையல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு முகவரியை வாசித்தாள். ரயில் பாதைத் தெரு. மூன்றாவது மாடி. பின்பக்க ஃப்ளாட்.

சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

"சரிதானே?" என்றாள் பதிவாளர்.

"சரிதான்" என்றாள் பெரியக்கா. குனிந்து கையெழுத்துப் போட்டாள். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக.

* * *

வெளியே வெயில் ஏறியிருந்தது. கப்பல்காரர் மூவருக்கும் கை கொடுத்துவிட்டு, புது வீட்டின் சாவியை மகளிடம் தந்தார். "மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தூக்கித் தள்ளணும்." சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படலாமா என்று அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"பத்திரமா வை. தொலைச்சுட்டு அப்புறம் பூட்டை உடைக்காதே" என்றாள் பெரியக்கா. மகளின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

தம்பி தொண்டையைக் கனைத்தான்.

"என்னக்கா, உள்ள அட்ரஸ் ஏதோ மாத்திக் குடுத்துட்டே போல?"

"மாத்தலை. கம்ப்யூட்டர்ல இருந்ததைத்தான் சொன்னேன்."

"எழுத்தர் தப்பா அடிச்சிருப்பாருன்னு நினைச்சேன்."

"அவர் சரியாத்தான் அடிச்சார். நான் சொல்லித்தான் அடிச்சார்."

"அக்கா, அது..." அவன் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள். "அது என்னன்னு உனக்குத் தெரியாதா? நமக்குள்ள என்ன எழுத்து, கிழுத்து எல்லாம்? அந்த ஃப்ளாட்டை வாடகைக்கு விடப்போறேன். ஆள்கூடப் பார்த்தாச்சு."

"அம்மா, நீ என்கூடத்தானே இருக்கப் போறே?" மகளின் குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "உனக்காகத்தானே இந்த வீடே."

"வருவேன். ஞாயித்துக்கிழமை வருவேன். மழை பெஞ்சா உன் பால்கனியில நின்னு வேடிக்கை பார்ப்பேன்."

"அம்மா!"

"நான் கோபமாப் பேசலைடி. நீ கணக்குப் பார்த்தே. சரியாத்தான் பார்த்தே. நானும் பார்த்தேன். உன் கதவுல என் பேரை எழுத ரெண்டு எண்பது ஆகும். இன்னொரு கதவுல ஏற்கெனவே எழுதி இருக்கு. அதுக்குக் கட்ட வேண்டியதெல்லாம் என்னைக்கோ கட்டியாச்சு."

தம்பியின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். திரையில் 'பெயின்டர்' என்று இருந்தது.

பெரியக்கா தோள்பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிற்பகல் ஷிப்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. அவன் விரலில் தொங்கிய கொத்தைப் பார்த்தாள். கடைச் சாவி, கோடவுன் சாவி, வண்டிச் சாவி. நடுவில், அதிகம் தேயாத ஒரு பித்தளைச் சாவி.

உள்ளங்கையை நீட்டினாள்.

"பால்கனிக்கு வெள்ளை வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. ரயில் புழுதி ரெண்டே நாள்ல காட்டிக் குடுத்துடும். சாவியை நீயா கழட்டித் தர்றியா, இல்ல நான் கழட்டிக்கட்டுமா?"